கட்டிலின் எடை

முப்பத்தெட்டு நாட்களாக அம்மா பேசவில்லை. பக்கவாதம் வந்த அன்று வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. இடது காலால் உந்தி உந்தி இரண்டு முறை கீழே விழுந்துவிட்டாள். அதனால் அண்ணன் கட்டில் கால்களுக்கு அடியில் எடை சென்சார் பொருத்திவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பினான். அது வைஃபையில் அனுப்பும் எண்ணை ஹாலிலிருக்கும் லேப்டாப், சாக்கெட் என்னும் வலை இணைப்பு வழியாகப் படித்துக் காட்டும். அதற்கான பைத்தான் நிரல், அம்மாவோடு இருக்கும் மகள் எழுதியது. அம்மாவின் எடை நாற்பத்து மூன்று கிலோ. எண் இறங்கினால் ஓட வேண்டும்.

எண் ஏறினால் என்ன செய்வது என்று இருவரும் யோசிக்கவில்லை.

மழை ஜன்னல் கம்பிகளில் வழிந்து, மருந்து வாடையும் ஈரத்துணி வாடையும் ஹால்வரை ஊர்ந்து வந்த மாலையில், திரையில் 4394 என்று விழுந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அம்மா நாலு டன்னா? என்ன சாப்பாடு போடற நீ?” போனில் சிரித்தான். “ரெண்டு எண் ஒட்டிக்கிட்டு வருது, பாப்பா. சாக்கெட் குழாய் மாதிரி. ஒண்ணு எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியாது. வரிவரியா பிரிச்சுப் படி.”

நிரலைத் திருத்திப் பிரித்தாள்.

43

94

“அப்பவும் தொண்ணூத்தி நாலு வருதுண்ணா.”

“சென்சார் ஈரமாயிருக்கும். போய்ப் பாரு. எனக்கு வேலை இருக்கு.” வைத்துவிட்டான்.

போய்ப் பார்த்தாள். அம்மா மட்டும்தான், சுவரைப் பார்த்தபடி. போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினாள். திரையில் 43. அப்பாடா என்றிருந்தது. அவள் உட்கார்ந்ததும் உள்ளே கட்டில் மெல்ல முனகியது, தூங்குகிறவரை எழுப்பாமல் யாரோ ஏறிப் படுப்பதுபோல.

94

கழித்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்று.

சென்சார் பொருத்திய அன்று, சோதித்துப் பார்க்க அண்ணன் அவளைத்தான் காலிக் கட்டிலில் படுக்கச் சொன்னான். அன்று வந்ததும் இதே எண்.

மழை நின்றுவிட்டது. எழ நினைத்தாள். அதற்குள் திரையில் மறுபடி விழுந்தது.

94

94

அறையிலிருந்து குரல் வந்தது. அம்மாவின் குரல். குழறல் இல்லை.

“இறங்கிப் படு, பாப்பா. மூச்சு முட்டுது.”