கால்மாட்டில் ஒருத்தி

லேக் கார்டன்ஸில் அந்த முதல் மாடி வீட்டுக்கு ஜெய்ராமும் ஜலஜாவும் குடிவந்தது 2004 மழைக்காலத்தில். வங்கியில் அவனுக்கு வங்காளத்துக்கு மாற்றல். படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பிகள் அதிரும்.

வயிற்றுப் பிள்ளை கலைந்துபோன பிறகு, மனச்சோர்வுக்கென்று டாக்டர் ஜலஜாவுக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தார். விழுங்கினால் உடம்புக்குள் வெந்நீர் பரவுவது போலிருக்கும் என்பாள். அந்தச் சுகம் சீக்கிரமே போதாமல் போயிற்று. சீட்டு கேட்காத மருந்துக்கடைகளை அவள் கண்டுபிடித்துவைத்திருந்தாள். ஜெய்ராமுக்கு எதுவும் தெரியாது.

தெரிந்த அன்று, இருந்ததையெல்லாம் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டான். அவள் தடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நடுக்கம் கண்டது. ஓயாத கொட்டாவி, வியர்வை, வயிற்றுப்போக்கு. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. வெளியே மழை கொட்ட, பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது.

"கால்மாட்டுல ஒருத்தி உக்காந்துண்டிருக்கா," என்று கிசுகிசுத்தாள்.

"யாரும் இல்லையே, ஜலஜா."

"கொட்டாவி விடறா. கேக்கலையா?"

அவனுக்குக் கேட்டது.

ஜலஜாவின் வாய் மூடியிருந்தது.

கட்டிலின் விளிம்பில் மெத்தை மெல்ல அமிழ்ந்தது.

அவளை அள்ளிக்கொண்டு கீழே ஓடினான். அவர்கள் மாஷிமா என்று கூப்பிடும் வீட்டுக்கார அம்மாள் விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பு மாடியில் தனியாகக் குடியிருந்த பள்ளி ஆசிரியையும் இதே மாத்திரையை இப்படித்தான் ஒரேயடியாக விட்டாளாம். கதவை உடைத்தபோது உயிர் இல்லை என்று வங்காள மொழியில் சொல்லி அழுதாள்.

மருத்துவமனையில் டாக்டர் அவனைக் கடிந்துகொண்டார். அளவு மீறினால் இந்த மருந்து அபின் போல ஆளைப் பிடித்துக்கொள்ளும், சட்டென்று நிறுத்துவது ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் மீட்க முடியும் என்றார்.

மீள மாதங்கள் ஆயின. அந்த மத்தியானத்தைப் பற்றி ஜலஜா ஒரே ஒரு முறைதான் பேசினாள்.

"அவ என்னை பயமுறுத்தலை. ஒண்ணே ஒண்ணு கொடேன்னு கெஞ்சினா. பாவமா இருந்தது."

அதே ஊரில் பவானிபூருக்கு வீடு மாறினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். பால்கனியில் காபியோடு நின்று ஜலஜா தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெய்ராம் படுக்கையை உதற உள்ளே போனான்.

அவள் படுத்த பக்கம் உலர்ந்திருந்தது. அவன் பக்கமும்தான்.

நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கிப் படுத்த ஓர் உடம்பின் அளவுக்கு, விரிப்பு வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு ஆறவில்லை.