கேட்காமல் கொல்வதில்லை

அக்கா வீட்டுப் பூட்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நானும் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குப் பஞ்சமே இல்லை. கதவு திறந்ததும், அவள் போனதிலிருந்து அடைந்து கிடந்த காற்று முகத்தில் அடித்தது.

அக்கா நாவலாசிரியை. பறக்கும் மலைகள், பேசும் இயந்திரங்கள், நட்சத்திரங்களுக்கு நடுவே போர் என்று அலமாரி நிறைய எழுதியவள். அவள் சொல்லச் சொல்ல அத்தனையையும் தட்டச்சு செய்தது நான். அவளிடம் ஒரு கிறுக்கு வழக்கம் உண்டு. கதையில் யாரையாவது சாகடிக்கும் முன், எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பாள். வெகுநேரம் காத்திருப்பாள். பல சமயம் அந்த ஆள் பிழைத்துக்கொள்வார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

கடைசி நாவலைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன் நாயகி விண்கப்பல் ஓட்டுகிறவள். நாங்கள் அவளைக் கப்பல்காரி என்றே சொல்வோம்.

"அவ செத்தாத்தாங்க முடிவு நிக்கும். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார் பதிப்பாளர்.

நட்டநடுப் பகல். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தேன். கப்பல் தீப்பிடித்தது, கதவு இறுகிக்கொண்டது என்று மளமளவென்று தட்டினேன். நாற்காலி கீற்காலி எதுவும் போடவில்லை.

கருகிய ஒயர் வாடை வந்தது.

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. மெயின் சுவிட்சைப் பார்த்தேன், அதிலும் கோளாறில்லை. திரும்பி வந்தபோது, சுவரோரம் கிடந்த நாற்காலி மேசைக்கு எதிரே இருந்தது.

அதன் பிரம்பு மெல்ல அமிழ்ந்தது.

வாசல் பக்கத்தில்தான். ஓடியிருக்கலாம். என் அக்கா வீட்டிலிருந்து நான் ஏன் ஓட வேண்டும் என்ற வீம்பு விடவில்லை.

"யாரு?"

சூடான இரும்பு ஆறும்போது வருகிற டிக் டிக் சத்தம். பிறகு, புகை அடைத்த ஒரு பெண் குரல்.

"என்னைக் கேக்கவே இல்லையே நீங்க."

"சரி. இப்பக் கேக்கறேன். சாகச் சம்மதமா?"

"மாட்டேன்."

தாளை உருவிச் சுக்குநூறாகக் கிழித்தேன். பதிப்பாளர் கத்தினால் கத்தட்டும்.

"போதுமா? கெளம்பு."

பிரம்பு நிமிரவில்லை.

"உங்க அக்காகிட்ட யாராவது கேட்டாங்களா?"

அவள் செத்த அன்றுகூட அழாத நான் அப்போது அழுதேன். யார் கேட்டார்கள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில், "இன்னும் ஒரு அத்தியாயம் இருக்குடி, நான் எப்படிப் போவேன்?" என்று கூரையை முறைத்துக்கொண்டே கிடந்தாள். பாதிப் பேச்சில் மூச்சு நின்றது.

"யாரும் கேக்கல" என்றேன். பயம் போய் ஆத்திரம் வந்திருந்தது. "அவ சம்மதிக்கவும் இல்ல. எவன் வந்து கேட்டாலும் சொல்வேன்."

பிரம்பு நிமிர்ந்தது. கருகல் வாடை என்னைக் கடந்து உள் அறைக்குள் போனது.

அங்கே கட்டில் முனகியது.

செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம். அது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது.

நான் திரும்பவில்லை.

"எங்கடி விட்டோம்?"

புதுத் தாளைச் செருகினேன்.

"கடைசி அத்தியாயம்க்கா. சொல்லு."