பின் போட்டாச்சு

நானும் மாமாவும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பயப்படும்படி அங்கே ஒன்றுமே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருக்கோடியில் ஓட்டு வீடு, பின்பக்கம் தகரக் கொட்டகை, கொடியில் காய்கிற துணி. அழைப்புமணிகூட ஒழுங்காக அடித்தது.

மாமா என் அக்காவின் கணவர். பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. அப்போது ஒரு தாத்தா காலத்துக் கார் வந்திருந்தது. அதன் இன்ஜின் யானைக்குட்டி கனம். கழற்றிய இன்ஜினை மாட்டிவைத்து வேலை செய்ய இப்போது கடையில் விற்கும் ஸ்டாண்டில் ஏற்றினால், அதன் கால்கள் ஆடின. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு ஸ்டாண்ட்தான் வேண்டும். எத்தனை பழைய இரும்புக் கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? கடைசியில் ஒரு தரகர் சொல்லித்தான் இந்த வீடு கிடைத்தது. கண்டுபிடித்தது நான் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கதவைத் திறந்தவர் வீட்டு மருமகள். கூடத்தில் அவருடைய மாமனார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பெரிய மெக்கானிக்காம். துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"மாமா, ஸ்டாண்டைக் குடுத்துடலாமா?" என்று மருமகள் கேட்டார்.

"குடுத்துடும்மா. தாராளமா."

கணீரென்ற குரல். துண்டு வாயிலேயே இருந்தது. பல் போன கிழவருக்கு என்ன குரல் பாரேன் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, துண்டைப் பற்றி நினைக்கவில்லை.

கொட்டகையில் ஒரு மூலையில் நின்றது ஸ்டாண்ட். துருவுக்கு அடியில் பச்சை பெயின்ட். நாலு இரும்புச் சக்கரம், தடித்த தூண், அதன் உச்சியில் இன்ஜினைத் திருப்பிப்போடுவதற்கான சுழலும் தலைத்தட்டு. தலைத்தட்டைத் திருப்பி வேண்டிய இடத்தில் நிறுத்தி, துளையில், சங்கிலியில் கோத்திருக்கும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பின்னைச் செருக வேண்டும். பின் இல்லையென்றால் இன்ஜின் எந்த நேரமும் கவிழும்.

அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். கை வைக்கப் போகிறவன் "பின் போட்டாச்சா?" என்று கேட்பான். மற்றவன் பின்னைக் கண்ணால் பார்த்துவிட்டு "போட்டாச்சு" என்பான். அதற்கப்புறம்தான் கை உள்ளே போகும். "பொண்டாட்டி கேக்குறதுக்கெல்லாம் பார்க்காமலே தலையாட்டு மாப்ள. இதுக்கு மட்டும் பார்த்துட்டுச் சொல்லு" என்பார் மாமா.

நான் கயிறு எடுக்க வண்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கொட்டகை வாசற்படியில் கால் வைக்கும்போது, தலைத்தட்டில் கை வைக்கப்போன மாமா குனிந்தபடி, பழக்க தோஷத்தில் கேட்டார்.

"பின் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

கணீரென்ற குரல். கூடத்தில் கேட்ட அதே குரல். ஆனால் ஸ்டாண்டின் பக்கத்திலிருந்து வந்தது.

பின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைத்தட்டு கிறீச்சென்று சுற்றியது. மாமா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ள, பார்க்காமலே சொல்ற? தொண்டை வேற கட்டியிருக்கா?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். "நான் சொல்லல மாமா, வாங்க, இது வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறியிருப்பார். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் தங்கமே ஆனாலும் விட்டுவிட்டு வருகிற ஆள். அலைந்து திரிந்து கண்டுபிடித்த பொருள் கைநழுவிவிடுமே என்று எனக்குப் பதறியது.

"சாரி மாமா. கவனிக்கல" என்றேன்.

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்பது பெருந்தன்மை என்று சிலர் நினைக்கலாம். என்னுடையது வெறும் பேராசை. அந்தக் குரலை என் குரல் என்று நானே வலியப் போய் ஒப்புக்கொண்டேன்.

பட்டறைக்குக் கொண்டுவந்து வேலையை ஆரம்பித்தேன். துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டினேன், சக்கரங்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன், பேரிங் மாற்றினேன். எவ்வளவு தேய்த்தாலும் தலைத்தட்டின் இடுக்கிலிருந்து ஈர இரும்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. சோப்புப் போட்டுக் குளித்தாலும் கையில் அதே வாசனை. "எதைத் தொட்டுட்டு வந்த? சோத்துத் தட்டைத் தொடாதே" என்று அக்கா கத்தினாள்.

ஒருநாள் மாமா வெளியே போயிருந்தார். பச்சை பெயின்ட் அடித்து முடித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். குறும்பா, பயமா தெரியாது, கேட்டேன்.

"பின் போட்டாச்சா?"

பதில் இல்லை. எனக்கே சிரிப்பு வந்தது. திரும்பி நடந்தேன்.

"போட்டாச்சு."

இந்த முறை கிழவர் குரல் இல்லை.

என் குரல்.

வாயைப் பொத்திக்கொண்டேன். உதடு மூடித்தான் இருந்தது. அன்று சாயங்காலமே மாமாவிடம் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "பெயின்ட் பிரமாதம் மாப்ள! உனக்குக் கைராசி" என்று அவர் முதுகில் தட்டினார். பேச்சை அப்படியே முழுங்கிவிட்டேன். பாராட்டு கேட்டு நாளாகியிருந்தது.

இன்ஜினை ஏற்றிய தினம் காலையிலிருந்தே மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே அரைகுறையாகத்தான் கேட்டது. இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி, எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியைக் கழற்றியாயிற்று. உள்ளே கை விட வசதியாகப் பின்னை உருவி இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தோம். நான் மேசைப்பக்கம் திரும்பி போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பின் போட்டாச்சா?"

திரும்பினேன். பின் சங்கிலியில் தொங்கியது. "இன்னும் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போட்டாச்சு மாமா."

மாமா என்று முறை சொல்லிக் கூப்பிட்டது. அன்பாகக் கூப்பிட்டது.

அவர் கை உள்ளே போனது.

கத்துவதற்கு எனக்கு நேரம் இருந்தது. அவ்வளவு பெரிய இன்ஜின் உடனே கவிழ்ந்துவிடாது, முதலில் தயங்கி ஒரு ஆட்டம் ஆடும். அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு, 'நான்தான் சொன்னேனோ? போட்டுத்தான் இருப்பேனோ?' என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இப்போது கத்தினால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்றும் யோசித்தேன். ஆமாம், அதையும்தான்.

அதற்குள் கவிழ்ந்துவிட்டது.

மாமாவின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அந்த விரல்களால்தான் வால்வைத் தொட்டு, இடைவெளி சரியா இல்லையா என்று அளவுகோல் இல்லாமல் சொல்வார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடா ஆச்சு? நீ போட்டாச்சுன்னு சொன்னதா சொல்றாரு. பார்த்துட்டுத்தானே சொன்ன?"

"பார்த்தேன்க்கா. போட்டுத்தான் இருந்துச்சு. வழுக்கிடுச்சு."

இதை எந்தப் பேயும் சொல்லவில்லை. நானேதான், என் வாயால்தான் சொன்னேன்.

கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த மாமா, "அவனைத் திட்டாதே. இரும்பு வழுக்கினா அவன் என்ன பண்ணுவான்?" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாளே அந்த வீட்டுக்கு ஓடினேன். மருமகள் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க! நீங்க நல்லா இருக்கணும். நீங்க அதை எடுத்துட்டுப் போன நாள்லேருந்து எங்க மாமனார் எழுந்து நடமாடுறார், வாய் ஓயாம பேசுறார். குரல்தான் ஏனோ மாறிப்போச்சு."

பெரியவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் கிடந்தது. மருமகள் உள்ளே போகும்வரை காத்திருந்து, என் கையைப் பிடித்தார். பேச்சு, ஓட்டைக் குழாயில் காற்று வருவதுபோல் கரகரத்தது. கணீர்க் குரல் போன இடம் தெரியவில்லை.

"யாருக்கு?" என்றார்.

"எங்க மாமாவுக்கு. மூணு விரல்."

"உயிர் இருக்குல்ல? எனக்கு அதே ஸ்டாண்ட்ல தம்பியே போயிட்டான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் வாயைத் திறக்கலப்பா. ஆனா என் குரல் கேட்டுச்சு. பின் வழுக்கிடுச்சுன்னு வீட்டுல சொன்னேன். நீ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதையேதான் சொன்னியா? அடப்பாவி." என் கையை விட்டுவிட்டார். "பொய்யை நாம ஒரு தடவை சொன்னா போதும். அப்புறம் அது நம்மளைக் கேக்காது. யார் எதைக் கேட்டாலும் அதுவே முந்திக்கிட்டுப் பதில் சொல்லும். வாயில துணியைத் திணிச்சுப் பார்த்தேன், நிக்கல. இன்னிக்கே போ. அக்காகிட்டப் போய் உண்மையைச் சொல்லு. அது முந்திக்கிறதுக்குள்ள சொல்லு."

"சொல்லிட்டா போயிடுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே" என்று அழுதார்.

அன்றே மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வெயில் இன்னும் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'பின் போடல அக்கா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா நின்னேன்.' மூன்று சின்ன வாக்கியம். பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒப்பித்துவிடும்.

அக்கா சமையலறையில் மாமாவுக்காகச் சோற்றைக் குழைய மசித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிட அவருக்கு இன்னும் வரவில்லை. அவள் கண் வீங்கியிருந்தது.

"அக்கா" என்றேன். அது நான்தான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லடா. அந்தப் பின் நிஜமாவே வழுக்கிச்சா?"

வாயைத் திறந்தேன்.

ஈர இரும்பு வாசனை அடித்தது.

"சத்தியமா வழுக்கிடுச்சுக்கா. என் கண்ணால பார்த்தேன்."

என் குரல்தான். என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நடுவில் சரியான இடத்தில் தழுதழுத்தது. எனக்கு அவ்வளவு நன்றாக அழ வராது. அக்கா என் முகத்தைப் பார்த்தபடியேதான் இருந்தாள், அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, விடுடா. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்று என் தலையைக் கோதினாள்.

என் வாய் இன்னும் திறந்தேதான் இருந்தது. இல்லை என்று நான் கத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை. 'அப்பாடா' என்று இருந்தது. கேவலம், அப்படித்தான் இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. மாமா தூக்கக் கலக்கத்தில் கேட்டார்.

"யாரு வந்திருக்கா? மாப்ளயா?"

நான் சமையலறையில் அசையாமல் நின்றேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து, என் குரலில், அவ்வளவு பாசமாக, பதில் வந்தது.

"நான்தான் மாமா."