இருபத்தொரு கோடுகள்

கணினிச் சில்லுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, வயரையும் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும், லேப்டாப் திரையில் அந்தப் பச்சைக் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஷாமிளா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டம் அது. ரப்பர் ஷீட் காயப்போட்ட பழைய ஸ்டோரைத்தான் கொழும்புக் கம்பெனிக்காரர்கள் ஆய்வுகூடமாக மாற்றியிருந்தார்கள். எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் அந்தக் காலத்துப் புகை வாடையும் ரப்பர் பாலின் புளித்த நெடியும் சுவரை விட்டுப் போகவில்லை. காலையிலிருந்து மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. மதியம் ஒரு மணிக்கே ஜன்னல் கண்ணாடி சாம்பல் நிறமாகி, மேசைக்குக் கீழே இருட்டு தேங்கியிருந்தது. இப்படி ஈரம் ஊறிய நாளில் எந்தக் கருவியும் கொஞ்சம் கோணல் புத்தி காட்டும்.

அவள் இந்தத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள், ரப்பர் பால் வெட்டுகிறவளின் மகள். பௌதிகம் படித்துவிட்டு வந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே வேலை கிடைத்தது. உலைக்குள் வாயுவைச் செலுத்தி, கார்பன் நானோகுழாய்களை வளர்க்க வேண்டும். ஒரு தலைமயிரை ஐம்பதாயிரமாகப் பிளந்தால் வரும் தடிப்புத்தான் ஒரு குழாய். அவற்றைச் சில்லின் மேல் வரிசையாகப் பதித்தால், சிலிக்கனே வேண்டாம், கணினிக்கான சுவிட்சுகள் தயார். ஒவ்வொரு சுவிட்சிலும் ஓடும் மின்னோட்டம் திரையில் ஒரு கோடாக விழும்.

மின்சாரமே இல்லாத சில்லில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கோடு மெல்ல ஏறியது. இறங்கியது. கொஞ்சம் தயங்கி நின்று, மறுபடி ஏறியது. திடீரென்று மூன்று தடவை துள்ளிவிட்டு, நீளமாக இழுத்துக்கொண்டு போனது.

அந்தத் துள்ளலை அவள் காதால் கேட்டிருக்கிறாள். கஜீவன் அண்ணா அப்படித்தான் இருமுவார். மூன்று இருமல், பிறகு ஒரு நீள இழுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரண்டு வருடமாக அவளோடு இந்த உலைக்கு முன்னால் நின்றவர். கடைசி மாதங்களில் அவருடைய கைக்குட்டையில் சளி கறுப்பாக இருந்தது. பத்து நாளாகக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அவருடைய மனைவி பிரஷாந்தினிக்கு அவள் போன் எடுத்தாள். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் ஏதோ தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டது. இருமல் கேட்கவில்லை.

“இவர் போயிட்டார் ஷாமிளா,” என்றாள் பிரஷாந்தினி, அழுது ஓய்ந்த குரலில். “அரை மணித்தியாலம் ஆச்சுது.”

கடைசிவரை அந்தப் பைப்பை அடைச்சுவிடுங்கோ, பைப்பை அடைச்சுவிடுங்கோ என்றே முனகிக்கொண்டிருந்தார் என்று பிரஷாந்தினி சொன்னது மட்டும் காதில் விழுந்தது. போன் துண்டிக்கப்பட்டது.

திரையில் கோடு ஏறியது. இறங்கியது.

அதற்குக் கீழே இரண்டாவது கோடு ஒன்று அசையத் தொடங்கியிருந்தது. இது வேகமாக, படபடவென்று ஓடியது. அவள் பயத்தில் மூச்சை அடக்கினாள். கோடு தட்டையானது. மூச்சை விட்டாள். கோடு எழுந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தாள். சந்தேகமே இல்லை.

அது அவளுடைய மூச்சு.

பிறகு மூன்றாவது. நான்காவது. எல்லாம் சின்னச் சின்னக் கோடுகள், சிட்டுக்குருவி நெஞ்சு போல் வேகமாக அடித்தன. தன்னுடையதற்குக் கீழே வந்தவற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்தொன்று. முதலில் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேகம் குறைந்து, ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஓடும் முதல் கோட்டோடு சேர்ந்துகொண்டன. செத்துப்போனவரின் கோட்டோடு.

பைப்.

உலையின் புகையும் அதோடு பறக்கும் நானோகுழாய்த் தூளும் வெளியே போகும் குழாய் அது. அதன் வடிகட்டி கிழிந்து ஒரு வருடமாகிறது. கஜீவன் அண்ணா மூன்று தடவை கொழும்புக்கு எழுதினார். யாரும் வரவில்லை. இருவருமாக ஒரு துணியை மடித்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். முடிச்சுப் போட்டவள் அவள்தான்.

ஜன்னலைத் துடைத்துப் பார்த்தாள். துணி எப்போதோ அறுந்து போயிருந்தது. பைப்பின் வாய் பள்ளத்தைப் பார்த்திருந்தது. பள்ளத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, சிவப்புத் தகரக் கூரை. பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்.

காலையில் அவளும் தன் மகளை அங்கேதான் விட்டிருந்தாள்.

குடை எடுக்கவில்லை. படியில் வழுக்கினாள். எழுந்தாள். ஓடினாள். அட்டை ஏறிய காலைப் பார்க்கவில்லை. மழை வாய்க்குள் போனது.

பிள்ளைகளைப் பார்க்கும் மல்லிகாக்கா வாசலில் உட்கார்ந்து பால் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா வாம்மா. ஒரு நாளும் இல்லாம இன்னைக்குத்தான் எல்லாம் ஒண்ணா தூங்குதுங்க.”

உள்ளே அரை இருட்டு. பவுடர் வாசமும் ஈரத் துணி வாசமும். வரிசையாகப் பாய்கள்.

இருபத்தொரு நெஞ்சுகள் எழுந்தன. தாழ்ந்தன. வளர்ந்த ஆள் ஒருவரின் மூச்சுப் போல, மெதுவாக. ஒன்றுகூடப் பிந்தவில்லை.

கடைசிப் பாயில் அவள் மகள் கவிஷ்கா. இரண்டரை வயது. ஷாமிளா மண்டியிட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தோளை உலுக்கினாள். தலை துவண்டு ஆடியது. கண் திறக்கவில்லை.

இடது பாதத்தைப் பிடித்து, உள்ளங்காலில் நகம் பதியக் கிள்ளினாள்.

பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

மற்ற பாய்களிலும். இருபது இடது கால்கள். ஒரே நேரத்தில்.

ஈரச் செருப்புக்குள் அவளுடையதும்.