நறுவிலிக்குளத்துக் கிணற்றில் செம்புக்கல்

செல்லாயி பையைக் கவிழ்த்ததும் மேசையில் உருண்ட இரண்டு கற்களையும் கண்டு பஸ்மினா கதிரையை விட்டே எழுந்துவிட்டாள். கறுப்புக் கல்லின்மேல் மயில்கழுத்துப் பச்சை!

“எங்க கிணத்துக்குள்ள கெடந்ததும்மா,” என்றாள் செல்லாயி. மலையகத்திலிருந்து வந்து நறுவிலிக்குளத்தில் குடியேறி நாற்பது வருடமாகியும் அவள் பேச்சு மாறவில்லை. “செம்பு நஞ்சாம். தண்ணி குடிச்சா புள்ளைங்களுக்கு ஆகாதாம். ரொபின்சன்னு ஒருத்தர் வேற எடத்துல காணி தர்றேங்கிறார். இன்னைக்கு மூணு மணிக்கு எட்டுக் குடும்பமும் கையெழுத்து வைக்கணும்.”

பஸ்மினா மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டரை. ஆனால் தன் பள்ளிமுனை வீட்டில் எதிரே அமர்ந்திருந்த சுபத்திராவை எதுவும் அவசரப்படுத்தியதில்லை. இருபது வருடம் கனிம ஆய்வாளராக மலைமலையாய்த் திரிந்தவர் அவர். விஞ்ஞான ஆசிரியையான பஸ்மினா விடுமுறை நாட்களில் அவரோடுதான் அலைவாள்.

“கல்லை எடுத்தது ஆர்?” என்று கேட்டார் சுபத்திரா.

“தூர்வார எறங்குன கஜேந்திரன். புதன்கெழம. செவ்வாக்கெழம ரொபின்சன் வந்து ஆழம் அளந்துட்டுப் போனார்.”

“பச்சைப் பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள்!” என்றாள் பஸ்மினா.

சுபத்திரா பச்சையைச் சுரண்டி வினாகிரியில் கரைத்து, புது ஆணி ஒன்றைப் போட்டார். சற்று நேரத்தில் ஆணி செந்நிறமானது. “உண்மையான செம்பு.”

செல்லாயியின் முகம் இருண்டது.

“பயப்படாதேங்கோ.” சுபத்திரா காந்தத்தை நீட்டினார். கல் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. பிறகு கல்லைத் திருப்பினார். ஒரு பக்கம் அண்மையில் உடைந்த பளபளப்பு. மறு பக்கம் சாம்பல் நிறத் திட்டுகள். “இது என்ன, பஸ்மினா?”

“கற்பாசி! ஐயோ, இது வெளிச்சமில்லாமல் வளராதே!”

“ஓம். நிலத்துக்குக் கீழ கிடந்த கல்லில்லை. அதோட, உங்கட ஊரில மணலும் செம்மண்ணும், அடியில சுண்ணாம்புக்கல்லும்தான். இப்பிடி இரும்பும் செம்பும் கலந்த கல்லைக் கிழக்குப் பக்கத்து மேடுகளிலதான் நான் கண்டனான். ஆரோ கொண்டுவந்து போட்டிருக்கினம்.”

“கஜேந்திரன்தான்!”

“வா, பாப்பம்.”

ஓட்டோ கடலைக் கடக்கும் தாம்போதிப் பாதையில் பறந்தது.

அவர்கள் பொதுமண்டபத்துக்குள் நுழைந்தபோது சங்கத் தலைவர் இராமலிங்கம் பேனாவைக் கையில் எடுத்திருந்தார். ரொபின்சனின் முன்னால் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. உள்ளே விதவிதமான கற்கள். கஜேந்திரன் ஒரு மூலையில் தனியே நின்றான்.

சுபத்திரா பெட்டியை ரசித்துப் பார்த்தார். “இந்தப் பச்சைக்கல் எங்கத்தையது?”

“கிழக்கில போன வருஷம் நானே எடுத்தது. அதே சாதிக் கல்தான் இந்தக் கிணத்திலயும். அதைக் காட்டத்தான் கொண்டுவந்தனான்.”

“வேற ஆரும் இதைத் தொட்டிருப்பினமோ?”

“சந்தர்ப்பமே இல்லை. பெட்டி எப்பவும் பூட்டுத்தான்.”

“ஒருக்கால் தாங்கோ.”

ரொபின்சன் தயங்கினார். இராமலிங்கமே எடுத்துக் கொடுத்தார். சுபத்திரா கிணற்றுக் கற்களை மேசையில் வைத்து, பெட்டிக் கல்லை அவற்றின் நடுவே மெல்லத் தள்ளினார். பள்ளத்தில் மேடு அமர்ந்தது. பச்சை நரம்பு ஒன்று மூன்று துண்டுகளையும் அறுபடாமல் கடந்து ஓடியது. மூன்றும் ஒரே கல்!

“ஒரே சாதிக் கல்லெண்டால் நிறம் ஒத்துப்போகும்,” என்றார் சுபத்திரா. “உடைஞ்ச விளிம்பு இப்பிடிப் பொருந்தாது. பூட்டின பெட்டியில இருந்த கல்லின்ர மிச்சம் கிணத்துக்குள்ள எப்பிடிப் போனது? செவ்வாய்க்கிழமை ஆழம் அளந்தது நீங்கள்தானே?”

ரொபின்சன் பெட்டியை இழுத்து மூடப் பார்த்தார். இராமலிங்கத்தின் கையிலிருந்த பத்திரத்தை பஸ்மினா வாங்கிப் புரட்டினாள். “இஞ்ச பாருங்கோ! கடைசிப் பக்கத்தில, இந்தக் காணியில றோட்டுப் போடுற கிரவல் மண் அகழுற உரிமையும் இவருக்கு எண்டு கிடக்கு!”

மண்டபம் கொதித்தெழுந்தது. இராமலிங்கம் பொலிசுக்கு அழைத்தார். அப்போதுதான் கஜேந்திரன் வாய் திறந்தான். “கண்டதைத்தானே எடுத்துக் குடுத்தனான். கெட்ட சேதி கொண்டுவந்தவன் எண்டு மூண்டு நாளா ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை.” பஸ்மினாவுக்கு முகம் சுட்டது. அவனிடம் போய், சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

அன்று பின்னேரமே எட்டுக் குடும்பமும் சேர்ந்து கிணற்றை இறைத்தார்கள். அடியில் கிடந்த மீதிச் சில்லுகளைக் கஜேந்திரன் பொறுக்கினான். புதிதாக ஊறிய நீரைப் போத்தலில் பிடித்து பஸ்மினா சோதனைக்குக் கொண்டுபோனாள்.

ஐந்தாம் நாள் முடிவோடு ஓடிவந்தவளைச் செல்லாயி வாசிக்க விடவில்லை. “குடிக்கலாமா?”

“ஓம், குடிக்கலாம்!”

செல்லாயி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். முதல் செம்பை நிரப்பி, கஜேந்திரனிடம் நீட்டினாள்.