சுவர் உதிர்த்த மணல்

காலையில் மூன்று முறை பெருக்கியும் சமையலறைச் சுவரோரம் மணல் உதிர்ந்து கிடந்தது. மஞ்சளாக, நைசாக. ஓர்னெல்லா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். நேற்றுத்தான் அவள் கணவன் உபால்டோ அந்தச் சுவரின் காரையைச் சுரண்டினான். இத்தாலியின் லூக்கா நகரில் அவர்கள் குடியிருந்த முட்டை வடிவச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகள் எல்லாமே மனிதரை மிருகங்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்க ரோமானியர் கட்டிய அரங்கத்தின் மேல் எழுந்தவை. பழைய கல் வெளியே தெரிந்தால் வாடகைக்கு வருகிற பயணிகள் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா அவன்.

"மறுபடி பூசிடு. எனக்குப் பிடிக்கல."

"ரெண்டாயிரம் வருஷமா மூச்சு முட்டிக் கிடக்குது, பாவம். கொஞ்சம் காத்து வாங்கட்டுமே." மணலை வாளியில் வாரினான். "சதுக்கத்து நடுவுல கொட்டிட்டு வரேன்."

"யாராவது பார்த்தா மானம் போயிடும்."

"இன்னிக்கு ஆகஸ்ட் பதினஞ்சு, பண்டிகை லீவு. ஊரே கடலுக்குப் போயிருக்கு. யாரு பார்க்கப் போறா?"

அவன் படியிறங்கும் செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கியபின், சுரண்டிய கல்லிலிருந்து ஈர வைக்கோலும் மூத்திரமும் கலந்த மிருக வாடை மெல்லக் கசிந்து, அடுப்பில் கொதித்த சூப்பின் மணத்தையும் அமுக்கிக்கொண்டு வீடு முழுக்கப் பரவியது. ஓர்னெல்லா ஜன்னலுக்கு ஓடினாள். கீழே, கொதிக்கும் வெயிலில், ஒற்றை ஆளாக உபால்டோ வாளியைக் கவிழ்த்தான்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அது செத்தீமியாவின் வீடு. போன வாரமே கடற்கரைக்குப் போய்விட்டவள்.

அடுத்த ஜன்னல். அதற்கடுத்தது. வரிசையாக, வளைவு முழுக்க. ஒவ்வொன்றிலும் விளிம்பில் ஊன்றிய முழங்கைகள். முகங்கள் மட்டும் இருட்டில்.

சதுக்கத்து வாசல்களுக்குக் கதவே கிடையாது. ஆனாலும் ஒவ்வொன்றாகக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிழக்கே இருந்த தாழ்ந்த வாசலில் மட்டும் கேட்கவில்லை.

உபால்டோ நிமிர்ந்து பார்த்தான். "ஓர்னெல்லா, யாரு இவங்கல்லாம்?"

ஓடு என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கால் நகரவில்லை. அவள் முழங்கைகள் தாமாகவே ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டன.

தாழ்ந்த வாசலின் இருட்டில் ஏதோ அசைந்தது. முதலில் அந்த வாடை. பிறகு மூச்சு.

எதிரே யாரோ கை தட்டினார்கள். ஒருமுறை. எல்லோரும் தட்டினார்கள். ஒரே தாளத்தில்.

உபால்டோ வாளியைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கையேந்தினான்.

அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. கைகள் தட்டிக்கொண்டிருந்தன.