பதினாறாம் நிமிடம்

சனிக்கிழமை மத்தியானம். பாறசாலைக்குப் பக்கத்துப் பழைய சபைக் கோயிலின் வாசலில் குடையை மடக்கிய ஜெபமலர் திடுக்கிட்டு நின்றாள்.

உள்ளே ஆர்கன் முனகிக்கொண்டிருந்தது...

காலால் மிதித்து வாசிக்கிற அந்த ஆர்கனை, அப்பா இறந்த பிறகு ஆறு வருடமாக யாரும் தொட்டதில்லை. பாடகர் குழுவுக்கு அவள் கீபோர்டுதான் வாசிக்கிறாள்.

இரண்டே சுரம். கனமாக, மெதுவாக, விடாமல்...

மழைக்காலத்தில் மரம் ஊறி, விரலால் அழுத்தும் சுரக்கட்டை அமுங்கியபடியே மாட்டிக்கொள்ளும். விறுவிறுவென்று போனாள். தாடிக்காரன் ஒருவன் கண்மூடி மிதித்துக்கொண்டிருந்தான். ரிப்பேருக்கு வந்தவன் போல. அவன் விரலைத் தள்ளிவிட்டுக் கட்டையை வெடுக்கென்று தூக்கினாள்.

கண்கள் திறந்தன. மழை விட்டதும் ரப்பர் தோட்டத்தில் இறங்கும் வெளிச்சம் மாதிரி... என்ன கண்கள்.

"மேஸ்திரியே, கட்டை ஒட்டினா இப்படியாக்கும் எடுக்கணும்."

"ஒட்டல்ல. ரெக்கார்டிங் ஆக்கும். அரைமணிநேரப் பாட்டைக் கொன்னுட்டிய."

மைக் அப்போதுதான் கண்ணில் பட்டது. பெயர் ஜெனில். கொச்சியில் ஒலிப்பதிவு வேலை. போதகர் இரண்டு சனிக்கிழமை மட்டும் அனுமதித்திருந்தார்.

"இது பாட்டா? எப்ப தொடங்கும்?"

"இந்த ரெண்டு சுரந்தான் பாட்டு. இருபது நிமிசம் சும்மா இருந்து கேட்டா தொடங்கும். ஒங்களால முடியாது."

"எட்டாங்கிளாசை மேய்க்கிற டீச்சராக்கும் நான். வாசிங்க."

ரெக்கார்டிங்கை மறுபடி ஓடவிட்டு மிதித்தான்.

ஐந்தாவது நிமிடம் கொட்டாவி. எட்டில் கால் மரத்தது. பத்தில், கர்த்தாவே எப்ப முடியும்...

பிறகு பெஞ்சு அதிர்வது தெரிந்தது. இரண்டு சுரத்துக்கும் நடுவே அவன் அழுத்தாத மூன்றாவது ஒன்று மெல்ல எழுந்து நெஞ்சுக்குள் வந்தது. ஆறு வயது ஜெபமலர் ஆர்கன் பலகையில் காதை ஒட்டியிருக்கிறாள்... ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகும், அவளுக்காக ஆமென் சுரத்தை அப்பா விடாமல் பிடித்திருக்கிறார்...

பதினாறாம் நிமிடம் எழுந்தாள்.

"தூக்கம் வருது. பசு கத்துத மாதிரி இருக்கு."

அவன் முகம் வாடியது. திரும்பாமல் நடந்தாள். முன்பின் தெரியாதவன் முன்னால் அழுவதா?

அந்த வாரம் முழுக்க வீட்டு ஃபிரிட்ஜின் இரைச்சல்கூட அவன் வாசிப்பாகவே கேட்டது.

அடுத்த சனிக்கிழமை, நனைந்தபடி ஓடிவந்தாள். அவன் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"போறியளா?"

"சாயங்கால ரயில். இனி ஒங்க காதுக்குத் தொந்தரவு உண்டாவாது."

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது...

"அன்னைக்கு சொன்னது பொய்யாக்கும். தூக்கம் வரல்ல... எங்க அப்பா ஞாபகம் வந்தது. அழுகை வந்தது."

"தெரியும். ரெக்கார்டிங்கில ஒரு விம்மல் உண்டு."

"அதை வெட்டல்லியா?"

"வெட்டத்தான் உக்காந்தேன்... பிறகு அதைக் கேக்கதுக்குன்னே தினமும் உக்காந்தேன்."

வெளியே மழை வலுத்தது. சுருட்டிய வயரை அவன் கையிலிருந்து வாங்கி, மெல்லப் பிரிக்கத் தொடங்கினாள்.

"நாளைக்கும் ரயில் உண்டு," என்றாள் தரையைப் பார்த்தபடி. "எனக்கு ஒங்களெ இஷ்டமாக்கும்... வாசிங்க."